இந்த வருடத்துச் சாரல்

ஜூன் 3, திங்கள்

டாக்டர்களுக்குக் கொடுப்பதற்காக எங்கள் மருந்துக் கம்பெனி ஜனவரியில் அனுப்பிய டைரிகளில் மிச்சம் விழுந்த ஒன்று இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் ஈரல் டானிக்கின் பெயர் அச்சாகியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த டானிக்கைத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கமெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறேன். போன மாதம்தான் முதல் தடவையாக நானே அதைக் குடித்தேன்.

மஞ்சள் காமாலை. டாக்டர் மீனாட்சிநாதனிடம் புது மாத்திரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மாத்திரை அட்டையைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "சங்கரலிங்கம், பையக் கீழ வச்சிட்டு அந்தக் கட்டில்ல படுங்க" என்றார். வெளியே மற்றக் கம்பெனி விற்பனை ரெப்புகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே போனவன் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறான் என்று திட்டியிருப்பார்கள்.

சில வாரம் படுக்கை. இன்றுதான் மறுபடி வேலைக்குப் போனேன். போகிற வழியில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவரிடம் காட்டினேன்.

"உடம்பு தேறிருச்சு. இனிமே ஒரு சொட்டு கூடாது, அது உங்களுக்கே தெரியும். ஆனா ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்ன செய்யப் போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கிடுங்க. காமாலை மருந்துல போயிரும். அந்த நேரம் போகாது."

எழுதலாமே என்று தோன்றியது. எழுதிவிட்டேன். மணி ஏழே கால்தான் ஆகிறது.

ஜூன் 4, செவ்வாய்

ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி உலகம்மாள் வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"என்ன, எதையும் மறந்து வச்சிட்டுப் போயிட்டீயளா?"

"இல்ல. வேலை முடிஞ்சிது. வந்துட்டேன்."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு, "நான் எஸ்தர் டீச்சர் வீடு வரைக்கும் போயிட்டு வந்துருதேன். சாதம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எஸ்தர் டீச்சர் பக்கத்து வீடு. நான் படுத்திருந்த நாட்களில் இவள் எங்கும் போகவில்லை. இப்போது நான்தான் எழுந்து நடமாடுகிறேனே.

டம்ளரைக் கழுவி வைத்தேன். எங்கே கவிழ்த்து வைப்பது என்று தெரியவில்லை. அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

எஸ்தர் டீச்சர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நன்றாகக் கேட்கிறது. மூன்று பேர் இருப்பார்கள் போல. அதில் ஒரு குரல் மட்டும் அடக்கமாட்டாமல் விட்டு விட்டுச் சிரித்தது. யார் இந்த அம்மா, இப்படிச் சிரிக்கிறாளே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உலகம்மாள்தான்.

திரும்பி வந்தபோது கேட்டேன். "என்ன ஒரே சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

ஜூன் 11, செவ்வாய்

கடந்த வாரம் செய்து பார்த்தவை: வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பது (எல்லோரும் ஜோடியாகவோ கூட்டமாகவோ நடக்கிறார்கள்), டி.வி. (ரிமோட்டில் எதை அழுத்தினால் என்ன வரும் என்று தெரியவில்லை), பரணில் கிடந்த புத்தகம் (பூச்சி), துணி மடிப்பது. நான் மடித்து அடுக்கிய துணிகளை அவள் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடித்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் மடிக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு இன்று போன் போட்டேன்.

"அப்பாவா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, மதி. சும்மாதான்."

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்கா. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா."

"சரி." பிறகு, "நீங்க நல்லா இருக்கீங்களாப்பா?"

"நல்லா இருக்கேன்."

அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. என்ன படிக்கிறாள் என்பது தெரியும். எத்தனையாவது செமஸ்டர் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். மழை பெய்கிறதா என்று கேட்டேன். அங்கே பெய்யவில்லையாம்.

ஜூன் 14, வெள்ளி

சாலமன் வந்திருந்தான். வேறு கம்பெனி ரெப். ஆனால் பதினைந்து வருடமாக நாங்கள் ஒரே பஸ், ஒரே லாட்ஜ், ஜங்ஷன் பாரில் ஒரே மேஜை. அந்த மேஜையில் மூன்றாவது ஆள் தளவாய். நான் படுத்திருந்தபோது ஆப்பிளோடு வந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"என்ன வே, ஆளையே காணோம்? தளவாய் தினமும் கேக்கான். ஒம்ம சேர்ல வேற யாரையும் உக்கார விடமாட்டேங்கான்."

"டாக்டர் சொல்லியிருக்காரு வே."

"குடிக்காண்டாம். யாரு குடிக்கச் சொன்னா? வந்து சும்மா உக்காரும். ரெண்டு கடலையத் தின்னும். பேசிட்டு இருந்துட்டுப் போலாம்."

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னேன். உலகம்மாள் காப்பி கொண்டுவந்தாள். சாலமனைப் பார்த்து "வாங்கண்ணே" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஜூன் 19, புதன்

இன்று ஜங்ஷன் பக்கம் ஒரு வேலை இருந்தது. வேலை முடியாமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஜங்ஷனில் அந்தத் தெருவில் டாக்டர் யாரும் கிடையாது. மருந்துக் கடையும் கிடையாது. எதிர்ப்பக்கம் ஒரு செருப்புக் கடை உண்டு. அதன் வாசலில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். கடைக்காரர் வெளியே வந்து, "சார், உங்க சைஸ் சொல்லுங்க, எடுத்துக் காட்டுறேன்" என்றார். எட்டு என்றேன். ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்சம் கடிக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

மழை. பாளையங்கோட்டைக்கு இந்த மாதத்தில் இப்படி ஒரு மழை வருவது அபூர்வம். மேற்கே மலையில் கொட்டுவதன் மிச்சம்தான் இங்கே வந்து விழுகிறது.

எஸ்தர் டீச்சர் வீட்டு மாடியில் நனையும் என்பதால் டீச்சரும் உலகம்மாளும் எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். நான் பேப்பரோடு படுக்கையறைக்குப் போகப் பார்த்தேன். டீச்சர், "அண்ணாச்சி, ரேவதி இன்னைக்கு வரல. ஒரு கை கொறையுது. உக்காருங்களேன்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. சீட்டாட்டம். கழுதை ஆட்டம். வெட்டுப்பட்டவர் கீழே விழுந்த சீட்டையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கையிலிருக்கும் சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்பவர் கழுதை. இதைத்தான் இவர்கள் தினமும் மாடியில் விளையாடியிருக்கிறார்கள். தெருவில் யாருக்கும் தெரியாதாம். டீச்சர் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர் என்பதால் ரகசியம்.

"அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது டீச்சர்" என்றாள் உலகம்மாள்.

"நீ சும்மா கெட. அண்ணாச்சி, உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்திலேயே உலகம்மாள் என்னை வெட்டினாள். அடுத்த சுற்றிலும் வெட்டினாள். என் கை சீட்டுகளால் நிறைந்து விசிறி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. "அண்ணாச்சி, இத வச்சு விசிறிக் கடையே போட்டுரலாம்" என்றார் டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அதற்கும் சிரித்தோம். மூன்று ஆட்டத்திலும் நான்தான் கழுதை.

சீட்டைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது உலகம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிமுகமில்லாத ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பார்ப்போமே, அப்படி. நான் பார்த்ததும் சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மழை எட்டு மணிக்கு விட்டது. இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம்.

ஜூன் 24, திங்கள்

மழை இல்லை. ரேவதி வந்துவிட்டாளாம். மாடியில் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

சாலமன் போன். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறதாம். வருடா வருடம் ஜூலையில் நாங்கள் மூன்று பேரும் போவது. "ஒமக்கும் சேத்து ரூம் போட்டாச்சு. வரல்லன்னு சொல்லிப்புடாதீரு."

உலகம்மாளிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றாள். எப்போதும் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் எப்போதும் பையில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் எடுத்து வைப்பாள். இந்தத் தடவை வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்றுக் காலை தளவாயின் காரில் கிளம்பினோம். ஆலங்குளம் தாண்டும்போதே காற்று மாறிவிட்டது. தென்காசி வந்ததும் கண்ணாடியில் பொடிப்பொடியாகச் சாரல். எனக்கு மனசு பொங்கியது. நான் முன்சீட்டிலிருந்து அதைச் சொன்னேன். பின்னால் அவர்கள் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காரை ஓட்டியது தளவாயின் தம்பி. இறக்கிவிட்டுத் தென்காசியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான்.

பேரருவியில் வெள்ளம். செந்நிறமாகக் கொட்டியது. போலீஸ் கயிறு கட்டி, குளிக்கத் தடை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவியிலும் தடை. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றான் தளவாய். "அலைச்சல் மிச்சம்." பதினோரு மணிக்கு லாட்ஜ் அறையில் உட்கார்ந்தார்கள்.

நானும் உட்கார்ந்தேன். எனக்கென்று நன்னாரி சர்பத் வாங்கி வைத்திருந்தான் சாலமன். அதில் அவனுடைய பிரியம் தெரிந்தது.

தளவாய் தன் முதலாளி வழுக்கி விழுந்த கதையைச் சொன்னான். நல்ல கதை, விழுந்து விழுந்து சிரித்தேன். சாப்பாடு வந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் அதே கதையை மறுபடி சொன்னான். சாலமன் முதல் தடவை கேட்பது போலச் சிரித்தான். நானும் சிரித்தேன். மூன்று மணிக்கு மூன்றாம் தடவை முதலாளி வழுக்கி விழுந்தபோது எனக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த அறையில் நாங்கள் பேசிய பேச்சை நினைத்துப் பார்த்தேன். விடிய விடியப் பேசியிருக்கிறோம். ஒரு வாக்கியம்கூட ஞாபகம் வரவில்லை.

குடை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். அருவிக்கரை வரை போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்னைப் போலவே நிறையப் பேர், குளிக்க வந்தவர்கள், துண்டைத் தோளில் போட்டபடி வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளோடு, மனைவிகளோடு. நேந்திரம் சிப்ஸ் வாங்கிக் கொஞ்சம் தின்றேன். மீதியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அவரிடம் ஏதாவது பேசலாம் என்று நினைப்பதற்குள் அவர் பிள்ளை அவரைக் கூப்பிட்டுவிட்டது.

அறைக்குத் திரும்பியபோது தளவாய் தூங்கிவிட்டான். சாலமன் மட்டும் கட்டிலில் சாய்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"நீரு இல்லாம நல்லாவே இல்ல வே" என்றான்.

"இங்கதான இருக்கேன் சாலமன்."

"இருக்கீரு." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆனா நீரு இங்க இல்ல. எங்களப் பாத்துக்கிட்டுல்லா இருக்கீரு."

"அப்படியெல்லாம் இல்ல வே."

"கோவம் ஒண்ணுமில்ல. நல்ல காரியந்தான் செய்யுதீரு. எங்க வீட்லயும் ஒம்மளத்தான் சொல்லிக் காட்டுதா." கண்ணை மூடிக்கொண்டான். "ஆனா என்னால முடியாது. நீரும் போயிட்டீர்னா நான் யாருகூட உக்காருவேன், சொல்லும்?"

அவன் கையிலிருந்த டம்ளர் சரிந்தது. வாங்கிக் கீழே வைத்தேன். வாசனை வந்தது. அந்தச் சமயத்தில் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் பக்கத்தில் பழையபடி ஒருதரம் உட்கார வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்கு அது வேண்டும். அதுதான் சிக்கல்.

இன்று மத்தியானம் திரும்பினோம். குளிக்கவே இல்லை. துண்டு பையில் போட்டது போட்டபடி இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

இதற்கு முன்னால் எது சந்தோஷமாக இருந்தது என்று யோசித்தேன். அதெல்லாம் சந்தோஷம்தானா என்றும் யோசித்தேன். யோசனை நல்லதில்லை. துணி மடித்தேன்.

ஜூலை 17, புதன்

வேலை. மானூர், சங்கரன்கோவில். பஸ்ஸில் நல்ல காற்று.

ஜூலை 24, புதன்

இதைத் தென்காசி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்றிலிருந்து தென்காசி டூர், இந்தத் தடவை மோட்டார் சைக்கிளில். லாட்ஜில் விழிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான், தலைபாரம் இல்லாமல், நாக்கு வறளாமல் சும்மா விழிப்பு வருகிறது. முதல் டாக்டரைப் பார்க்கப் பத்து மணிக்குத்தான் போக வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தெருவில் தள்ளியபோது சாரல். குற்றாலம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றியது. ஒரு திட்டமும் இல்லை.

பேரருவியில் தடையை எடுத்திருந்தார்கள். வாரநாள், விடிந்தும் விடியாத நேரம் என்பதால் ஆண்கள் பக்கம் பத்துப் பதினைந்து பேர்தான். சட்டையையும் பேண்ட்டையும் பைக்குள் திணித்து ஒரு பூக்கார அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, துண்டோடு போனேன். பாறை வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே கொடுத்தேன்.

இந்த இடத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஆனால் இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தலையில், கழுத்தில், தோளில் யாரோ நூறு பேர் இரண்டு கையாலும் அறைகிறார்கள். மூச்சு முட்டியது. வெளியே இழுத்துக்கொண்டேன். மறுபடி உள்ளே போனேன். தண்ணீருக்குள் வேறு எந்தச் சத்தமும் கிடையாது. நான் என்று ஒருவன் உண்டா என்றே தெரியவில்லை. குளிர் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு தொந்திக்காரர் "ஓ... ஓ..." என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன். எதற்கென்று தெரியவில்லை. வாய்க்குள் தண்ணீர் போனது. அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இன்னும் கத்தினோம்.

வெளியே வந்தால் உடம்பெல்லாம் ஆவி பறக்கிறது. மேலே மலை பாதிதான் தெரிகிறது, மீதி மேகம். இலைகளெல்லாம் எவ்வளவு பச்சை. நடுங்கிக்கொண்டே நின்றேன். பசி வந்தது. அப்படிப் பசித்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒரு கடையில் இட்லி, வடை, மறுபடி இட்லி. சாம்பாரில் கொத்தமல்லி இருந்தது நாக்குக்குத் தெரிந்தது. கடைக்காரரிடம், "சாம்பார் பிரமாதம்" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அருவிப் பக்கம் திரும்ப நடந்தேன், சத்தம் கேட்கட்டும் என்று. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"உலகா, நாந்தான். இங்க கேளு, சத்தம் கேக்கா? அருவி! தண்ணி எப்படி விழுகு தெரியுமா, ஏளா? ஆளையே தூக்கிப் போட்டுரும் போல இருக்கு. நான் கத்துதேன், பக்கத்துல ஒருத்தர் கத்துதாரு..." சிரிப்பு வந்து பேச முடியவில்லை.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"உலகா?"

"காலையிலேயேவா?" என்றாள்.

"ஆமா, காலையிலதான். விடியுமுன்ன வந்துட்டேன்லா."

"கூட யாரு இருக்கா? சாலமன் அண்ணன் இருந்தா போனைக் குடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உலகா, நான் குடிக்கலை."

"சரி."

"நெசமாத்தான் சொல்லுதேன். அருவியில குளிச்சேன். அவ்வளவுதான்."

"சரிங்க. வண்டி ஓட்டாதீய. எங்கயாவது போட்டுட்டு பஸ்ல வாங்க."

வைத்துவிட்டாள்.

குற்றாலத்தில் மலை மறைப்பதால் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. விட்டு விட்டுத்தான் கேட்டிருக்கும். தண்ணீர் இரைச்சல் வேறு.

மோட்டார் சைக்கிளை லாட்ஜில் நிறுத்திவிட்டேன். இன்றைய டாக்டர்களை நடந்தே பார்த்தேன். இப்போது பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வண்டியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 25, வியாழன்

நேற்று நான் வரும்போது இருட்டவில்லை. அவள் மாடிக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"வண்டி?"

"தென்காசியில விட்டுட்டு வந்தேன். நீதான ஓட்டாண்டாம்ன?"

பையை வாங்கிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பக்கத்தில் நின்றாள். "சட்டையக் கழட்டித் தாங்க. நனைச்சு வைக்கணும்" என்றாள். கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வாஷ்பேசின் கண்ணாடியில் அடுக்களை வாசல் தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று, சட்டையை முகத்துக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடட்டும் என்று விட்டேன்.

பிறகு பையிலிருந்து துண்டை எடுத்தாள். பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக இன்னும் தண்ணீர் வந்தது.

"இவ்வளவு ஈரத்தோடயா பையில வைப்பாங்க? காயிதமெல்லாம் நனைஞ்சிருக்கு."

"காலையில குளிச்சது."

"போன்ல அம்புட்டுச் சத்தம் போட்டீய."

"அருவிச் சத்தத்துக்கு மேல பேசணும்லா."

துண்டைக் கொடியில் விரித்தாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். சரிசெய்து முடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

"உங்க குரலு அப்படி இருந்து நான் கேட்டதில்ல" என்றாள், துண்டிடம் சொல்வது போல. "அதான்."

"பரவாயில்ல."

"தப்பா எடுத்துக்கிட்டேன்."

"பரவாயில்ல, உலகா."

உப்புமா கிண்டினாள். ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாடியிலிருந்து டீச்சர் ஒருதரம் கூப்பிட்டார். "இன்னைக்கு இல்ல டீச்சர்" என்று இங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எஸ்தர் டீச்சர் ஸ்கூல்ல வேன் பிடிச்சுக் குற்றாலம் போறாங்களாம். வாரியான்னு கேட்டாங்க."

"போயிட்டு வா. தண்ணி நல்லா விழுகு."

"வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். வெந்ததும் என் தட்டில் போட்டாள்.

"நீங்க வண்டி எடுக்கத் தென்காசி போகணும்லா?"

ஆகஸ்ட் 1, வியாழன்

மகள் போன் போட்டாள். என் நம்பருக்கு.

"அப்பா, நீங்களும் அம்மாவும் குற்றாலம் போறீங்களாமே?"

"ஆமா. வண்டி எடுக்கணும்."

"வண்டி எடுக்க." சிரித்தாள். "போட்டோ அனுப்புங்க."

அனுப்பத் தெரியாது என்றேன். சொல்லிக் கொடுத்தாள். எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது ஐந்தாவது செமஸ்டராம், கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

லீவு போட்டிருந்தேன். முதல் பஸ். உலகம்மாள் ஜன்னலோரம். பாவூர்சத்திரம் தாண்டி மலை தெரிந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு முகத்தைக் காற்றில் கொடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை குற்றாலத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாளாம். எனக்கு நினைவில்லை. அவள் குறையாகச் சொல்லவில்லை; மலையைப் பார்த்ததும் ஞாபகம் வந்ததாகச் சொன்னாள்.

பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் தனி, நடுவே கம்பி. ஆகவே வந்து சேர்ந்ததும் பிரிய வேண்டியதாயிற்று. அவள் தயங்கினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் தந்தாள். செருப்பை விட்டாள். "வழுக்குமா?" என்றாள். "கம்பியப் பிடிச்சுக்கோ. மொதல்ல தோளக் குடு, அப்புறம் தலை" என்றேன். போய்விட்டாள்.

பையும் செருப்பும் சங்கிலியுமாக நான் கீழே நின்றேன். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எல்லோரும் நனைந்த துணியில் ஒரே மாதிரி தெரிந்தார்கள். எது அவள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள் பேரைச் சொல்லிக் கத்தக் கூச்சமாக இருந்தது. சாரல் மட்டும் முகத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. கூட்டத்தில் இப்படித் தனியாக நிற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று அது வலிக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து, படியில் தடுமாறி இறங்கி, நேராக என்னை நோக்கி வந்தாள். கூந்தல் அவிழ்ந்து முகமெல்லாம் ஒட்டியிருந்தது. பொட்டு கரைந்துவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் இப்படியும் இருப்பாள் என்று நான் பார்த்ததில்லை.

துண்டை நீட்டினேன். வாங்கிப் போர்த்திக்கொண்டாள். பல் தந்தியடித்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"இத்தனை வருசமும் இங்கதான வந்தீய?"

"இங்கதான்."

"ஒரு தரம்கூட வந்து சொன்னதில்லையே, இப்படி இருக்கும்னு."

"எனக்கும் தெரியாது, ஏளா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டிச் சங்கிலியை வாங்கிக்கொண்டாள். பிறகு பையை வாங்கிக்கொண்டாள்.

"டீ குடிப்பமா? நடுங்குத" என்றேன்.

"டீ எங்கயும் போயிராது. நீங்க ஏன் சட்டையும் பேண்ட்டுமா நின்னுக்கிட்டிருக்கீய?"

"நீ தனியா நிக்கணுமே."

"நான் நின்னுக்கிடுவேன். போங்க."

முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். ஈரக் கை. சட்டையைத் தாண்டிச் சில்லென்று இறங்கியது. போனேன்.